மெத்தைக் கப்பல்

சேக் அலாவுதீனுக்கு முழங்காலில் வாதம் என்பது காரைக்கால் கடற்கரைப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருபது வருடங்களுக்கு மேல் தோணியில் சுக்கான் பிடித்தவர், ரங்கூனும் பினாங்கும் போய் வந்தவர், ஏன் இப்படித் துறைமுக ஆபீசில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு கிடக்கிறார் என்று யாராவது கேட்டால், அந்த முழங்காலைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அவரும் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து நாலு பேர் பார்க்க வேப்பெண்ணெய் தேய்த்துக்கொள்வார்.

அந்த முழங்காலில் ஒன்றும் இல்லை. அவருக்குக் கடல் என்றால் பயம். அவ்வளவுதான்.

பிறவியிலேயே வந்த பயம் இல்லை அது. யுத்தம் முடிந்த பிறகு ஓடு ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போன ஒரு தோணியில் வந்தது. தோணிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இருட்டிலும் மழையிலும் முன்னால் அணியத்தில் காவல் நிற்பவன், பின்னால் சுக்கானில் இருப்பவனைப் பார்க்க முடியாது. ஆகையால் அவ்வப்போது, "சுக்கான்ல ஆளிருக்கா?" என்று குரல் கொடுப்பான். "இருக்கேன்" என்று பின்னாலிருந்து பதில் வரவேண்டும். வந்தால் இருவருக்கும் நிம்மதி. அன்றைக்கு அணியத்தில் நின்றவன் கமாலுதீன், அலாவுதீனின் மனைவி அமீர் நிஷாவுக்குத் தம்பி. பருத்தித்துறைக்கு வெளியே காற்று திடீரென்று அறைந்தது. தோணிக்குள் தண்ணீர் ஏறியது. தலைவரான தண்டல், "சுக்கானைக் கட்டிப்போட்டுட்டு எல்லாரும் தண்ணி இறைங்கடா" என்று கத்தினார். அலாவுதீன் தன் கையாலேயே சுக்கானை இறுக்கிக் கட்டினார். கட்டிய சுக்கான் என்றால் தோணியை அல்லாவிடம் விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

அவர் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது அணியத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. சுக்கானில் யாரும் இல்லை. யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த அலை போனபிறகு அதே குரல் தோணிக்குப் பின்னாலிருந்து, தண்ணீரிலிருந்து வந்தது. "ஆளிருக்கா?" பிறகு இன்னும் தூரத்திலிருந்து. தோணி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

கரைக்கு வந்து, கமாலுதீனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று மட்டும் சொன்னார். அமீர் நிஷா மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த வாரம் அவருக்கு முழங்கால் வலி வந்தது.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய அடுத்த தை மாதம் கடலில் ஒரு வெள்ளைப் படகு வந்து நங்கூரம் போட்டது. இரண்டு பாய்மரம், நடுவில் தாழ்வான ஒரு கூரை, அதில் வட்டக் கண்ணாடிகள். சைகோனிலிருந்து புறப்பட்டு பிரான்ஸ் வரை போகிற மொரேல் துரையும் அவர் மனைவியும் மட்டுமே அதில் வந்திருந்தார்கள். துரைசானிக்கு விஷக்காய்ச்சல். அவரை இங்கே ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, தேறியபின் ரயிலிலும் கப்பலிலுமாகக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். துரைக்குக் கொழும்பு வரை துணைக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும்.

சலங்கு என்னும் சரக்குப் படகில் போய் அதைப் பார்த்துவந்தவர்கள் கதை கதையாகச் சொன்னார்கள். உள்ளே மெத்தை போட்ட கட்டில், புத்தக அலமாரி, தொட்டி வைத்த சமையல்கட்டு. ஊரில் அதற்கு மெத்தைக் கப்பல் என்றே பேர் வந்துவிட்டது.

ஊரார் முசே என்று கூப்பிட்ட அந்தத் துரை டீக்கடைக்கே வந்து ஆள் கேட்டபோது அலாவுதீன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தார். அவரோடு முன்பு தோணியில் வேலை செய்த, அவரை அண்ணன் முறையில் நானா என்று அழைக்கும் முகைதீன் பிச்சைதான் வாயைத் திறந்தான்.

"நானா இருக்கையில வேற ஆளு எதுக்கு முசே? கண்ண மூடிக்கிட்டு ரங்கூன் போன மனுஷன்."

"எனக்குத்தான் முழங்கால் இப்படி இருக்கே தம்பி," என்றார் அலாவுதீன்.

"அதான் உள்ள மெத்தை இருக்காம்ல. மாப்பிள்ளை மாதிரி கால நீட்டிப் படுத்துக்கிட்டே போய்ச் சேரலாம். முழங்காலுக்கு இதவிட வைத்தியம் எங்க இருக்கு, சொல்லுங்க?"

கடையே சிரித்தது. துரையும் விஷயம் புரியாமல் சிரித்தார். போக முடியாது என்று சொல்ல அலாவுதீனிடம் வேறு காரணம் இருக்கவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்லலாம். ஆனால் எல்லோரும் கடலுக்குப் போய் வந்த அந்தக் கூட்டத்தில், அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதைவிடக் கடலுக்குப் போவதே எளிதாக இருந்தது. மனிதன் எதற்குப் பயந்து எதில் போய் விழுகிறான் என்பதற்குக் கணக்கு ஏது?

வீட்டில் அமீர் நிஷா துணிகளை மடித்து மூட்டை கட்டினாள்.

"போகலேன்னா போகலேன்னு சொல்லிட்டு வரவேண்டியதுதானே?"

"நாலு பேரு முன்னாடி ஒத்துக்கிட்டாச்சு."

அவள் மாடத்திலிருந்து வேப்பெண்ணெய்ப் புட்டியை எடுத்து மூட்டைக்குள் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "முழங்காலுக்கு," என்றாள்.

படகின் உள்ளே காலடி வைத்தவர் படியிலேயே ஒருமுறை பின்வாங்கினார். அழுக்கோ நாற்றமோ காரணம் இல்லை. எல்லாம் அவ்வளவு நன்றாக இருந்தது. கட்டிலிலிருந்து உருண்டு விழாமல் இருக்கப் பக்கவாட்டில் பலகை. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தான் மட்டும் சாயாமல் ஊஞ்சல்போல் ஆடிக்கொடுக்கும் அடுப்பு. பச்சைத் துணி போர்த்திய இலவம்பஞ்சுத் திண்டுகள். தோணியில் மனிதன் நனைந்தபடி, காய்ந்தபடி, சபித்தபடி இருப்பான். கடலில் இருக்கிறோம் என்பதை ஒரு நொடி மறக்க முடியாது. இங்கே மறந்துவிடலாம். இப்படி மறக்கச் செய்கிற இடத்தைத்தான் அவர் நம்பவில்லை.

துறைமுகத்தில் பழகிய பிரெஞ்சு அவருக்கு ஓரளவு வரும். துரை நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"இந்தப் படகை வரைந்தவர் இரண்டு பேருக்காகவே வரைந்தார், அலாவுதீன். ஒருவர் விழித்திருக்கலாம், ஒருவர் தூங்கலாம். காற்று ஒழுங்காக இருந்தால் இருவருமே தூங்கலாம்."

"ரெண்டு பேருமா, முசே?"

"இருவருமே."

முதல் நாள் பரவாயில்லாமல் போனது. மாறி மாறிச் சுக்கான் தடியைப் பிடித்தார்கள். கையில் சுக்கான் இருந்தவரை அலாவுதீனால் மூச்சுவிட முடிந்தது. மறுநாள் காலை, பருத்தித்துறை முனை வலக்கைப் பக்கம் புகைபோலத் தெரிந்தபோது, காற்று நேர் முதுகுக்கு வந்தது. துரை உற்சாகமாக முன்னால் போய் இரண்டு பாய்களை ஏற்றி, கம்பு கொடுத்து, பறவை இறக்கை விரித்ததுபோல இரண்டு பக்கமும் விரித்தார். ஒவ்வொரு பாயிலிருந்தும் ஒரு கயிறு பின்னால் வந்தது. அந்தக் கயிறுகளை, ஒன்று இந்தப் பக்கமாக, ஒன்று அந்தப் பக்கமாக, சுக்கான் தடியில் கட்டினார். படகு ஒரு பக்கம் விலகினால் அந்தப் பக்கத்துப் பாய் இழுத்துத் தடியைத் திருப்பிவிடும். படகு தானே தன் வழிக்கு வந்துவிடும்.

"பார்த்தீர்களா?" என்று படகைத் தட்டினார். "இனி இவள் போய்க்கொண்டே இருப்பாள். வாருங்கள், சாப்பிடலாம்."

கட்டிய சுக்கான். அதுவும் அதே தண்ணீரில்.

அலாவுதீன் சாப்பிடவில்லை. தடி இரண்டு விரற்கடை இடப்பக்கம் போவதையும், யாரோ உட்கார்ந்து பிடித்திருப்பதுபோல நிதானமாக வலப்பக்கம் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் யாரும் இல்லை. வெற்றுப் பலகைதான் இருந்தது. குர்ஆனில் மனப்பாடமாகத் தெரிந்ததையெல்லாம் உதட்டுக்குள் ஓதினார்.

மத்தியானம் துரை கண்ணயர்ந்ததும் அவர் போய் இரண்டு கயிறுகளையும் அவிழ்த்துவிட்டுத் தானே தடியைப் பிடித்துக்கொண்டார். துரை எழுந்திருக்கும் அரவம் கேட்டதும் திரும்பக் கட்டிவிட்டார். இரவிலும் அதையே செய்தார். தூங்கு என்று துரை சொன்னபோது தூங்குவதுபோல் கிடந்து, துரை தூங்கியதும் எழுந்து போய் அவிழ்த்தார். இரண்டு பேர் சொகுசாகப் போகச் செய்த படகை, ஒரு நிமிடமும் தூங்காமல் தோணியாக்கிக் கொண்டிருந்தார். மூன்றாம் நாள் விடியற்காலை துரை கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"என்ன செய்கிறீர்கள்?"

"சும்மா பிடிச்சுக்கிட்டிருக்கேன், முசே."

"உங்கள் கண்ணைப் பாருங்கள், மிளகாய்ப்பழம் மாதிரி இருக்கிறது. இவளை ஏன் நம்பமாட்டேன் என்கிறீர்கள்?"

இவள் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவாள், முசே. அதுதான் பதில். அதைச் சொல்ல பிரெஞ்சு தெரியாமல் இல்லை. துரை தடியைத் தானே கட்டினார். முடிச்சைத் தட்டிக்காட்டி, "தொடக்கூடாது," என்று விளையாட்டாக விரலை ஆட்டினார். "போய்த் தேநீர் போடுங்கள். நான் முன்னால் அந்தக் கம்பைச் சரிசெய்துவிட்டு வருகிறேன்."

வெயில் ஏறியிருந்தது. கடல் நல்ல நீலம். இலங்கைக் கரை கண்ணுக்குத் தெரியவில்லை. அலாவுதீன் உள்ளே இறங்கித் தண்ணீர் கொதிக்க வைத்தார். படகு உருண்டது, அடுப்பு ஆடிக்கொடுத்தது, கெட்டிலில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இரண்டு குவளைகளில் ஊற்றிச் சர்க்கரை போட்டார். படியேறித் தலையை நீட்டி, "முசே," என்றார்.

அணியத்தில் ஆள் இல்லை.

பாய்மரத்துக்குப் பின்னால் இருப்பார் என்று பார்த்தார். இல்லை. குவளைகளோடு மேலே வந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார். படகு அதே வேகத்தில், அதே அழகில் போய்க்கொண்டிருந்தது. சுக்கான் தடி இரண்டு விரற்கடை இடமாகப் போய் வலமாகத் திரும்பியது. புயல் இல்லாத நாளில் தோணியில் ஒருவன் விழுந்தால் பன்னிரண்டு பேர் அலறுவார்கள், கயிறு பறக்கும், தண்டல் கெட்டவார்த்தை சொல்வார். இங்கே ஒரு மனிதன் குறைந்ததே படகுக்குத் தெரியவில்லை.

பின்னால் திரும்பினார். வெகு தூரத்தில், ஓர் அலை ஏறி இறங்கியபோது, ஒரு தலையும் தூக்கிய ஒரு கையும் தெரிந்தன. அடுத்த அலையில் மறைந்தன.

குவளைகள் எப்போது கையைவிட்டுப் போயின என்று அவருக்குத் தெரியாது. கால் இரண்டும் பலகையோடு ஒட்டிக்கொண்டன. "ஆள் விழுந்துட்டான்! திருப்புங்கடா, பாய்ப் பருமலை இறக்குங்கடா!" என்று கத்தினார். யாருமில்லாத படகில் யாரோ பத்துப் பேருக்குக் கட்டளை. தோணியைத் திருப்ப அத்தனை கை வேண்டும். தன்னந்தனியாக ஒருவன் பாய்க்கலத்தைத் திருப்பலாம் என்று அவர் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. முடியாது என்றே அந்த நேரத்தில் முழுமனதாக நம்பினார். முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டே நின்றார். படகு போய்க்கொண்டே இருந்தது.

முதலில் அசைந்தது கைதான், புத்தி இல்லை. பின்னால் உட்காரும் இடத்தில் கிடந்த பச்சைத் திண்டு ஒன்றைத் தூக்கிக் கடலில் எறிந்தார். அது மிதந்தது. இன்னொன்று. உள்ளே பாய்ந்து கட்டில் மெத்தைகளை இழுத்து வந்து ஒவ்வொன்றாக எறிந்தார். திண்டும் மெத்தையும் தலையணையும் படகு வந்த வழியில் பச்சைப் புள்ளிகளாக வரிசையாய் நின்றன. அந்த வரிசையின் கோடியில்தான் துரை இருக்கவேண்டும். எறிய ஒன்றுமில்லாமல் போனபோதுதான் அடுத்த யோசனை வந்தது. திருப்பத் தெரியாது. நிறுத்தலாம். பாய் விழுந்தால் படகு நிற்கும்.

ஆனால் பாயைத் தூக்கிப்பிடித்த கயிறுகள் பெரிய பாய்மரத்தின் அடியில் இருந்தன. அங்கே போகவேண்டும். துரை விழுந்த அதே தளத்தின் மேலே, இந்த உருளலில். அவரும் விழுந்தால்? யாரும் இல்லாத படகு, கட்டிய சுக்கானோடு, கொதித்த கெட்டிலோடு, தெற்கே போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மனிதர்கள் தண்ணீரில் நின்று அதைப் பார்ப்பார்கள். அந்தப் படம் கண்ணில் வந்ததும் அவரால் நிற்க முடியவில்லை. நிற்காமல், இடுப்பில் செருகியிருந்த கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு முழங்காலையும் பலகையில் ஊன்றித் தவழ்ந்தார். ஒவ்வொரு உருளலுக்கும் முழங்கால் ஆணியிலும் வளையத்திலும் உராய்ந்தது. அல்லா, அல்லா என்று பல்லிடுக்கில் முனகிக்கொண்டே போனார். துணிச்சல் வந்ததால் போனார் என்று சொல்ல முடியாது. பயத்தோடேயே போனார், பயம் கூடவே தவழ்ந்து வந்தது.

கயிறுகளை அறுத்தார். இரண்டு பாய்களும் முன்னால் கடலில் சரிந்து விழுந்து தண்ணீரைக் குடித்துக் கனத்தன. படகு ஒருமுறை முக்கி, தலையை ஆட்டி, அப்படியே தயங்கி நின்றது. காற்றின் சத்தம் மட்டும் இருந்தது.

தவழ்ந்தே பின்னால் வந்தார். பச்சைப் புள்ளிகள் தெரிந்தன, தலை தெரியவில்லை. அலை ஏறும்போது ஒருவேளை தெரியும். ஏறியது. தெரியவில்லை. எட்டு வருடமாகக் காதுக்குள் இருந்த அந்தக் குரல் மறுபடியும் தண்ணீரிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. சுக்கான் பலகையில் ஏறி நின்று, பின்பாய்மரத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

"இருக்கேன்! இருக்கேன்! இங்க இருக்கேன்!"

யாருக்குப் பதில் சொன்னார் என்று அப்போது அவரைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. நிறுத்தாமல் கத்தினார். குரல் போய், காற்றாக வந்த பிறகும் கத்தினார். கடைசியாக, வரிசையின் நடுவில் ஒரு மெத்தை மற்றவற்றைப்போல் சும்மா மிதக்காமல் தள்ளித் தள்ளி வருவது தெரிந்தது. அதன்மேல் ஒரு செம்பட்டைத் தலை.

கயிற்றை வீசி, பிடித்து, இழுத்து, மேலே ஏற்றுவதற்குள் இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. துரை தளத்தில் குப்புறக் கிடந்து கடல்நீரை வாந்தியெடுத்தார். அலாவுதீன் தன் மூட்டையிலிருந்த கம்பளியைப் போர்த்தினார்.

வெகுநேரம் கழித்து துரை, "என்ன அது, கத்திக்கொண்டே இருந்தீர்களே?" என்றார்.

"இருக்கேன்னு சொன்னேன்."

"எனக்குப் படகு தெரியவில்லை. முகத்தில் அலை. அந்தச் சத்தத்தைப் பார்த்துத்தான் வந்தேன்."

அதற்குப் பிறகு கொழும்பு வரை சுக்கானை யாரும் கட்டவில்லை. துரையே கட்டவில்லை. மெத்தை இல்லாத வெறும் பலகையில் மாறி மாறி முதுகு வலிக்கப் படுத்தார்கள். துரை தடியில் இருக்கும்போது உள்ளே படுத்திருக்கும் அலாவுதீன், "சுக்கான்ல ஆளிருக்கா?" என்பார். "இரிக்கே!" என்று மேலிருந்து பதில் வரும். சிலசமயம் அவர் கேட்காமலேயே வரும்.

கொழும்புத் துறையில் துரைசானி காத்திருந்தார். துரை அலாவுதீனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஏடன் வரை வாருங்கள். மெத்தை புதிதாகத் தைக்கச் சொல்லிவிட்டேன்."

"வரல, முசே."

"ஏன்? முழங்காலா?"

அலாவுதீன் தலையாட்டினார், இல்லை என்று. "பயம்," என்றார். பிரெஞ்சில் அந்தச் சொல் சின்னதாக இருந்தது. சொல்ல எளிதாகவும் இருந்தது. துரை சிரிக்கவில்லை.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீராவிக் கப்பலில் வந்தார். மேல்தளத்தில் மாலுமியின் அறைக்கு எதிரே, கண்ணாடி வழியாகச் சக்கரம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். பிரயாணிகள் அங்கே இருக்கக்கூடாது. கப்பல்காரன் ஒருவன் வந்து, "என்னய்யா இங்க பார்க்குறீங்க?" என்று அதட்டினான்.

"சக்கரத்துல ஆளு இருக்காரான்னு பார்த்தேன்."

"ஆளு இல்லாமத்தான் கப்பல் ஓடுதாக்கும்? கீழ போங்க."

கீழே போகாமல் தளத்தின் ஓரத்தில் நின்று, கரை தொடும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

ஊருக்குச் செய்தி முன்னமே வந்துவிட்டிருந்தது. டீக்கடையில் அவரை நடுவில் உட்காரவைத்தார்கள். முகைதீன் பிச்சை தன் காசில் டீ சொன்னான்.

"இப்ப முழங்கால் எப்படி இருக்கு, நானா? மெத்தை வைத்தியம் கேட்டுச்சா?"

கைலிக்கு உள்ளே இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்து பொருக்குக் கட்டியிருந்தது. மடக்கினால் உண்மையாகவே வலித்தது.

"முழங்கால்ல ஒண்ணும் இல்லப்பா. எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல. எனக்குக் கடல்னா பயம். அதான் கரையில கிடந்தேன்."

முகைதீன் பிச்சை தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "முசேவ கடலுக்குள்ளேர்ந்து தூக்கியாந்த மனுஷன் பேசுற பேச்சப் பாருங்க!" எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அலாவுதீன் இன்னொரு தடவை சொல்லிப்பார்த்தார். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். டீயைக் குடித்துவிட்டு எழுந்து, கால் தாங்கித் தாங்கி வீட்டுக்கு நடந்தார்.

அமீர் நிஷா மூட்டையைப் பிரித்தாள். வேப்பெண்ணெய்ப் புட்டி அவள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மூடியைச் சுற்றி அவள் கட்டிய நூல்கூட அவிழவில்லை. அதைக் கையில் எடுத்து ஒருமுறை பார்த்தாள். பிறகு கைலியைச் சற்று ஒதுக்கி உட்கார்ந்திருந்தவரின் முழங்கால்களைப் பார்த்தாள்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுப் புட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதுக்காவது தேய்ச்சுக்குங்க," என்றாள்.